ஜெபக்குறிப்பில் அவள் பெயர்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழுவை ஆறு வருடமாக நடத்திவருகிறேன். குழுவில் ஒரு தங்கை. இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. காரணமில்லாமல் அழுகிறாள். குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்கிறாள். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின், "நான் இல்லாமப் போனா இந்தப் பிள்ளைங்களுக்கு நல்லதுக்கா" என்றாள். பயந்துபோய்ப் போதகரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். உடனே மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார். ஆனால் அந்த ஞாயிறு ஆராதனையில், "மனச்சோர்வின் ஆவியோடு போராடும் சகோதரிக்காக" என்று அவள் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுவது அவிசுவாசம் என்று ஒரு மூத்த சகோதரி சொல்ல, அவள் நிறுத்திவிட்டாளாம். மூன்று வாரமாகச் சபைக்கு வரவில்லை. என் போனையும் எடுப்பதில்லை. நான் செய்தது தவறா? டாக்டரிடமும் கவுன்சலிங்குக்கும் அனுப்புவது விசுவாசக் குறைவா? படிப்பு எதுவும் இல்லாத என்னைப் போன்றவர்களால் இதில் என்னதான் செய்ய முடியும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நான்கு வரி எழுதி அனுப்பினேன். அவள் கணவரிடம் பேசினீர்கள் என்றும், மறுபடி டாக்டரைப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள் என்றும், அவள் மட்டும் இன்னும் உங்களிடம் முகம் கொடுக்கவில்லை என்றும் பதில் வந்தது. அதனால் இப்போது கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இதை வெளியிடுகிறோம். இல்லாவிட்டால் சபையில் நடந்த அதே தவற்றை நானும் செய்தவளாவேன்.

இதே இடத்தில் இன்று வேறு யாராவது நிற்கக்கூடும் என்பதால் அந்த நான்கு வரியை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று ஒருவர் சொன்னால், அது பேச்சுவாக்கில் வந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தானவை எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே டாக்டரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். அவ்வளவுதான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் அனுபவத்தில், அந்தக் கேள்வியை யாராவது கேட்டதும் முதலில் வருவது ஒரு பெருமூச்சு. அப்பாடா, ஒருத்தராவது கேட்டார்களே என்கிற பெருமூச்சு.

பிரசவமான பெண்ணிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, குழந்தைக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது, நாள் கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது வேறு நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டும். அதற்கு உபவாசக் கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. நேராக மருத்துவமனைதான்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உங்கள் தங்கைக்கு என்ன என்பதை நான் கடிதத்தை வைத்துச் சொல்லக்கூடாது; அவளைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் சாயலில் இருக்கிறது. குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் அழுகையும் படபடப்பும் பல தாய்மார்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால், பெருகினால், அது நோய். பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் ஜெபக்குழுவில் எட்டுத் தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்தால் அதில் ஒருவர் இந்த வழியாக வந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் என்ன நடக்கும் என்பதை இப்போது எல்லாருமே பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் செய்யும் வேலைகளில் சபையால் செய்யவே முடியாத ஒன்று உண்டு. இரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும் இரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே காட்டும். ஆறு மாதம் முழங்காலில் நின்று ஜெபித்த ஒரு பெண்ணுக்குக் கடைசியில் தைராய்டு என்று தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் "உனக்குள் மன்னிக்கப்படாத பாவம் ஏதோ இருக்கு" என்று அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அரைமணி நேரத்தில் வேலை செய்யாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரை ஆகலாம். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டும், தூக்கம் குழம்பும். பலன் தெரிவதற்கு முன்பே தொந்தரவு தெரிந்துவிடுவதால் "இது எனக்கு ஒத்துக்கலை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, உடம்பில் மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு எல்லாம் வரும். இதைப் பார்த்துவிட்டு, "பாருங்கள், சத்துரு எப்படிப் போராடுகிறான்" என்று சொல்கிறவர்களும் உண்டு. சத்துருவை விடுங்கள், நிறுத்தச் சொன்னது யார் என்று கேளுங்கள். அந்த மூத்த சகோதரி அன்பினால்தான் சொல்லியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் இன்சுலினை அவர் நிறுத்தச் சொல்வாரா? தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை சரிதானா என்ற பயம் அவளுக்கு இருந்தால் அது நியாயமான பயம். அதையும் டாக்டரிடமே கேட்கட்டும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கென்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.

இது அவிசுவாசமா என்றால், வேதத்தைத் திறந்துவைத்தே பேசலாம். தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு, இன்னும் விசுவாசமாய் ஜெபி என்று அப்போஸ்தலன் பவுல் எழுதவில்லை. கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்றுதான் எழுதினார். அக்காலத்து மருந்து அது. கூடவே பயணம் செய்த தோழனை "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்கிறார். வைத்தியன் என்ற தொழிலை விட்டுவிட்டு வந்த லூக்கா என்று சொல்லவில்லை.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய கொஞ்ச நாட்களிலேயே, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். உங்கள் தங்கை சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். தேவதூதன் என்ன செய்தான்? கடிந்துகொண்டானா? "அவ்வளவு பெரிய அற்புதம் பார்த்துவிட்டு அதற்குள் இப்படியா?" என்றானா? தூங்கவிட்டான். எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். மறுபடி தூங்கவிட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொன்னான். தூக்கம், சாப்பாடு, பக்கத்தில் ஒருவர். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் இதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் கழித்துத்தான். நாம் முதல் நாளே மெல்லிய சத்தத்தை ஒலிபெருக்கியில் கேட்கவைக்கப் பார்க்கிறோம்.

எனக்கு இந்த விஷயத்தில் அடிப்படையாக நிற்கிற வசனம் ஒன்று உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம்: "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." மூன்று வகை மனிதர்கள், மூன்று வெவ்வேறு வினைச்சொற்கள். பவுல் சும்மா அடுக்கவில்லை. வேலைசெய்யாமல் ஊர்வம்பு பேசித் திரிகிறவனுக்குப் புத்தி வேண்டும். மனம் உடைந்தவனுக்குத் தேறுதல் வேண்டும். நிற்கவே முடியாதவனுக்குத் தோள் வேண்டும். சபைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு, முதல் ஆளுக்கான மருந்தை இரண்டாம் மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பதுதான்.

1970 வாக்கில் அமெரிக்காவில் ஜே ஆடம்ஸ் என்ற போதகர், இந்த வசனத்திலுள்ள "புத்திசொல்லுதல்" என்பதற்கான கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்து ஓர் ஆலோசனை முறையைத் தொடங்கினார். உடல் நோய் இல்லாத மனப்பிரச்சினைகளுக்குப் பெரும்பாலும் வேர் பாவமே, வேதத்தைக் கொண்டு புத்திசொல்லித் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்தவ ஆலோசகர்களிலேயே இன்னொரு பெரிய கூட்டம், உளவியலையும் மருத்துவத்தையும் தேவன் கொடுத்த அறிவாக எடுத்துக்கொண்டு விசுவாசத்தோடு சேர்த்துப் பயன்படுத்துகிறது. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். அதை மறைக்க விரும்பவில்லை. ஆடம்ஸ் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஆளை முழுக்க முழுக்க நோயாளியாக்கி, அவன் செய்ததற்கெல்லாம் அவன் பொறுப்பில்லை என்று விட்டுவிடக்கூடாது. ஆனால் அந்த வசனத்தில் முதல் வினைச்சொல்லோடு நின்றுவிட்டால் மீதி இரண்டும் என்ன ஆகும்?

இப்போது உங்களுக்குக் கசப்பான பகுதி. நீங்கள் செய்தது தவறா?

போதகரிடம் சொன்னது தவறில்லை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இரகசியத்தை உடைத்தே ஆக வேண்டும். தொழில்முறை ஆலோசகர்களுக்கும் இதே விதிதான். உயிர் ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை போன்றவற்றில் நாங்களும் வாய்மூடி இருக்க மாட்டோம். அதை முதல் நாளே சொல்லியும் விடுவோம். விட்டுப்போனது ஒரு வாக்கியம். அவளிடமே, "நீ சொன்னது எனக்குப் பயமா இருக்கு, இதை நான் மட்டும் வச்சுக்க முடியாது, போதகர்கிட்ட சொல்லப்போறேன், நீயும் கூட வர்றியா?" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டுப் போவதற்கும் சொல்லாமல் போவதற்கும் நடுவில்தான் நம்பிக்கை என்கிற பொருள் உடைகிறது. போதகரிடமும், "இது உங்களோடு இருக்கட்டும் ஐயா" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படித்தான் வைத்துக்கொள்வார் என்று நீங்கள் நினைத்தீர்கள். சபைதானே, ஜெபம்தானே என்று அவர் நினைத்தார்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய உள்ளறை வாசலுக்கு வந்துவிடுவது நம் சபைகளில் பழகிப்போன விஷயம். யாரும் வம்பு பேசுவதாக நினைப்பதில்லை. "உங்களுக்கு மட்டும் சொல்றேன், ஜெபிச்சுக்குங்க" என்று தொடங்கினால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. பத்துப் பேரிடம் அப்படிச் சொன்னால் பத்துப் பேரும் தனித்தனியே உண்மையாகவே ஜெபிப்பார்கள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழையும்போது பத்துத் தலைகளும் திரும்பவும் செய்யும். பெயர் இல்லாமல் ஜெபித்தாலும் ஜெபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும், இல்லையா? பெயர் தேவைப்படுவது நமக்குத்தான்.

உங்கள் குழுவில் இனி ஒரு சின்ன விதி வையுங்கள்: யாருடைய காரியமானாலும் அவர் வாயால், அல்லது அவர் சம்மதித்த வார்த்தைகளில் மட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இதை ஒருமுறை சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் சங்கடமாக இருக்கும். மூன்றாவது மாதம் யாராவது ஒருவர் வாய்திறப்பார்.

"படிப்பு இல்லாத நான் என்ன செய்ய முடியும்" என்று கேட்டதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், இளம் வயதில் ஒரு சிறுமியை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. மாதவிலக்கு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தராததால், தனக்கு ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று பயந்து உயிரை விட்டவள் அவள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1953-ல் லண்டனில், தான் பொறுப்பேற்ற ஆலயத்திலிருந்தே, சாக நினைப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி வைத்தார். நேரிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக உட்கார, சபையிலும் வெளியிலுமிருந்து சாதாரண ஆட்கள் வந்தார்கள். சில மாதங்களில் வாரா ஒன்றைக் கவனித்தார். வெளியே அந்தத் தேநீர்க்காரர்களிடம் பேசியவர்களில் பலர், உள்ளே வந்து தன்னைப் பார்க்காமலே, மனம் இலேசாகிப் போய்விடுகிறார்கள். அவர் அடுத்து செய்ததுதான் பெரிய காரியம்: கேட்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. அங்கே கேட்பவர்கள் பிரசங்கம் பண்ணுவதில்லை. கேட்பார்கள்.

கேட்பது இலேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். என் பயிற்சிக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஆறுதல் ஊழியம் செய்யப் பயிற்சி. நோயாளியோடு பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதையும் நாம் சொன்னதையும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிலிருந்து எழுதி, பயிற்சியாளர் முன்னால் வாசிக்க வேண்டும். மகனை விபத்தில் பறிகொடுத்த ஒருவரிடம் நான், "அவன் இப்போ நல்ல இடத்துலதான் இருக்கான் ஐயா" என்றிருந்தேன். அவர், "தெரியும்மா. ஆனா அவன் ஷூ இன்னும் வாசல்லயே கெடக்கு" என்றார். நான் அடுத்து ஒரு வசனம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை வாசித்து முடித்ததும் பயிற்சியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த வசனம் ஆறுதல் கொடுத்தது யாருக்கு? அவருக்கா, உனக்கா?" இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பயிற்சி முறையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரைப் பற்றி உங்கள் போதகரிடம் சொல்லுங்கள், பிடிக்கும். ஆன்டன் பாய்சன், அமெரிக்கப் போதகர். 1920-ல் அவருக்கே கடுமையான மனநோய் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமாகி, 1924-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் குருவானவராகச் சேர்ந்தார். அடுத்த வருடம் கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கேயே அழைத்துவந்து, புத்தகங்களைப் படிப்பது போல இந்த மனிதர்களையும் கவனமாகப் படியுங்கள் என்றார். உயிருள்ள மனித ஆவணங்கள் என்பது அவர் சொற்றொடர். மருத்துவமனைக் குருமார்களுக்கான பயிற்சி இன்று பல நாடுகளில் நடப்பது அந்த 1925-ம் வருடக் கோடையின் தொடர்ச்சிதான். மனநோய் வந்தவன் ஊழியத்துக்கு லாயக்கில்லை என்று அன்றைக்கு யாராவது முடிவு கட்டியிருந்தால்?

எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள்கூட ஆரம்பத்தில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று அவன் சொல்லும்படி ஆயிற்று.

ஆக, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அவள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள், அவள் தூங்கட்டும். தூக்கம் இந்த நோயில் பாதி வைத்தியம் என்றே சொல்வேன். டாக்டரிடம் போகும் நாளில் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்காதீர்கள், "மாத்திரை எப்படி இருக்கு, வயிறு புரட்டுதா?" என்று கேளுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் தேவைப்படலாம். கணவரும் தூங்காமல்தான் இருப்பார்; அவரிடம் ஓர் ஆண் போய்ப் பேச வேண்டும், அதைப் போதகரிடம் விடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே செய்யக்கூடாது. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்துவந்தது நாலு பேர். ஆளுக்கு ஒரு மூலை. மாற்கு அதை எழுதும்போது, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்கிறார். அவர்கள் விசுவாசம்! படுத்திருந்தவனுக்கு விசுவாசம் எவ்வளவு இருந்தது என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. உங்கள் தங்கைக்கு இப்போது ஜெபிக்க முடியவில்லையென்றால் அவளுக்குப் பதிலாக நீங்கள் ஜெபித்துக்கொள்ளுங்கள், அவள் படுத்திருக்கட்டும். அவளுக்கு நம்பகமான மூன்று பேரை அவளையே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்த மூத்த சகோதரி அதில் வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான்.

அவளோடு ஜெபிக்கும் முன்பும் கேளுங்கள்: "ஜெபிக்கட்டுமா? எதுக்காக ஜெபிக்கணும்?" பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று இயேசு கேட்டாரே. வேதத்திலிருந்து ஏதாவது வாசிக்கச் சொன்னால், "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற வசனத்தை எடுக்காதீர்கள். 88-ம் சங்கீதத்தை எடுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதியிலோ நம்பிக்கையிலோ வந்து முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. இப்படியும் ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தாலே சிலருக்கு மூச்சு வரும்.

கவுன்சலிங் பற்றிச் சுருக்கமாக. கிறிஸ்தவ ஆலோசகர் என்று பலகை மாட்ட யாராலும் முடியும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எங்கே என்ன படித்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் யார், நான் சொல்வது யாரிடம் போகும், எப்போது டாக்டரிடம் அனுப்புவீர்கள்? நல்ல ஆலோசகருக்கு இந்தக் கேள்விகள் கோபம் வராது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதல் நாளே உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இன்ன பாவம் என்று தீர்ப்புச் சொன்னால், அடிக்கிற கணவனுக்குக் கீழ்ப்படிந்து இரு என்றால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கடைசி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன்: அடி விழும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதே ஆபத்து. வீட்டுக்குப் போனபின் அவள் பேசியதற்கும் சேர்த்து விழும். ஆலோசகர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், அவள் விசுவாசத்தைக் கேலிசெய்யாத, தொழில் தெரிந்தவர் என்றால் தாராளமாகப் போகலாம். விசுவாசமுள்ள அரைகுறையைவிட அவர் மேல்.

உங்கள் போதகரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் கோபப்பட்டுப் போய் நிற்காதீர்கள். பெரும்பாலான போதகர்களுக்கு வேத பாடசாலையில் இதைப்பற்றி அதிகம் சொல்லித்தருவதில்லை. ஆனால் உடைந்தவர்கள் முதலில் கதவைத் தட்டுவது அவர்களிடம்தான். இரவு பதினோரு மணிக்கும் போன் வரும். அவருக்கும் யாரிடமும் சொல்லமுடியாதது நிறைய இருக்கும். 19-ம் நூற்றாண்டில் லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜனே பல வருடம் மனச்சோர்வில் தவித்தவர். 1856-ல் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்துபோனார்கள், அதிலிருந்து அவர் முழுதாக மீளவேயில்லை. அதை மேடையிலேயே மறைக்காமல் பேசினார். ஆகவே தனியாகப் போய்ப் பேசுங்கள். "ஐயா, அவ பேரைச் சொன்னது அவளைக் காயப்படுத்திடுச்சு. நானும் உங்ககிட்ட சரியாச் சொல்லலை. இனிமே எப்படிச் செய்யலாம்?" என்று கேளுங்கள். நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்குப் புரியும். வசதிப்பட்டால் உங்கள் பகுதியிலுள்ள மனநல டாக்டர் ஒருவரைச் சபைக்கு அழைத்து ஒருநாள் பேசவைக்கலாம். யாரை எங்கே அனுப்புவது என்று இரண்டு மூன்று போன் நம்பர்கள் போதகர் கையில் எப்போதும் இருக்கட்டும். அனுப்பிய பிறகும் அந்த ஆள் உங்கள் சபையின் ஆள்தான். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் பார்ப்பார், மீதி நாட்களெல்லாம் உங்களுடையவை.

கடைசியாக, அவளிடம் எப்படிப் போய் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள், பின்னால் அனுப்பிய குறிப்பில். போன் எடுக்காவிட்டால் செய்தி அனுப்புங்கள். எப்போது வரலாம் என்று அவள் கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், பைக்குள் இருக்கட்டும். இன்னொரு சகோதரியைத் துணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். கதவைத் திறந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். போதகர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், யாரும் தப்பாக நினைக்கவில்லை, எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறார்கள், இதெல்லாம் வேண்டாம். "நீ என்னை நம்பிச் சொன்னதை உன்கிட்ட கேட்காம வெளிய சொல்லிட்டேன். உயிருக்குப் பயந்து சொன்னேன். ஆனா உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சிடு." இவ்வளவுதான். அவள் அழலாம், திட்டலாம், பேசாமல் நிற்கலாம். கதவைச் சாத்தியும் விடலாம். சாத்தினால் மறுநாள் கணவரிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு, வியாழக்கிழமை மறுபடி போங்கள். திறந்து உள்ளே விட்டால், குழந்தை எங்கே என்று கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அவளைப் போய்ப் படுக்கச் சொல்லுங்கள்.